முதற்பெயர் இல்லாத உஹூரா: நடிகை நிஷெல் நிக்கல்ஸ் பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி இரவு 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் முதன்முதலாக ஒளிபரப்பானது. அன்று காட்டப்பட்ட கதையில் ஒரு சிறிய உரையாடல் வருகிறது. விண்கலத்தின் தொடர்பாடல் அதிகாரியான லெப்டினன்ட் உஹூரா, வேலைச் சலிப்பில் ஸ்பொக் என்ற மேலதிகாரியிடம் பேச்சுக் கொடுக்கிறாள். 'அலைவரிசை' என்ற சொல்லை இன்னுமொரு தடவை கேட்க நேர்ந்தால் அழுதுவிடுவேன் என்ற கருத்துப்படச் சொல்கிறாள். உணர்ச்சிகளை ஒதுக்கி வாழும் ஸ்பொக்குக்கு அந்தப் பேச்சின் பொருள் விளங்குவதில்லை. பார்வையாளர் சிரித்துக்கொள்ள, கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

அந்தச் சிரிப்பை இன்று நினைத்துப் பார்த்தால் மனதில் ஏதோ உறுத்துகிறது. முதல் இரவே தன் வேலையின் சலிப்பைச் சொன்ன அந்தப் பாத்திரத்துக்கு, அதன் பின்னர் வந்த மூன்று ஆண்டுகளிலும் பெரும்பாலும் அதே சொல்தான் வழங்கப்பட்டது. அழைப்பு அலைவரிசைகள் திறந்திருக்கின்றன என்று தலைவருக்கு அறிவிப்பதே உஹூராவின் நிரந்தர வசனமாயிற்று. அவ்வசனத்தைப் பேசிய நிஷெல் நிக்கல்ஸ் 2022ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி, தமது 89ஆவது வயதில், நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் சில்வர் சிற்றியில் காலமானார்.

அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் இரண்டு விடயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லின. ஒன்று, மார்ட்டின் லூதர் கிங் அவரைத் தொடரிலிருந்து விலக வேண்டாமென்று கேட்டுக்கொண்டது. மற்றையது, வெள்ளையினக் கதாநாயகனோடு அவர் நடித்த முத்தக் காட்சி. இவ்விரண்டும் வரலாற்றுப் பெறுமதி உடையவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவ்விரண்டையும் சொல்லி முடித்தவுடன் அந்த நடிகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று என்ற எண்ணம் பரவிவிட்டது. ஒரு கலைஞரைச் சின்னமாக்கி உயரத்தில் வைத்துவிட்டால் அவரது கலையைப் பற்றிப் பேசும் பொறுப்பிலிருந்து நாம் தப்பித்துக்கொள்ளலாம். அத்தொடர் அவருக்குக் கொடுத்ததென்ன, கொடுக்காமல் விட்டதென்ன, கிடைத்ததைக் கொண்டு அவர் செய்ததென்ன என்ற கேள்விகளையே இக்கட்டுரை கேட்க விரும்புகிறது.

நிஷெல் நிக்கல்ஸ் 1932ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் திகதி, சிக்காகோ நகருக்கு அண்மையிலுள்ள ரொபின்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். கறுப்பின மக்கள் தாமே நிர்வகித்து வந்த ஊர் அது. தொழிற்சாலைத் தொழிலாளியான அவரது தந்தை அவ்வூரின் மேயராகவும் தெரிவு செய்யப்பட்டவர். தம்மவர் அதிகாரத்தில் இருப்பதைச் சிறுவயதிலேயே வீட்டில் கண்டு வளர்ந்தவர் நிஷெல் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் விண்கலத்தின் கட்டளை மேடையில் அவர் அமர்ந்திருந்த தோரணையில் பணிவோ தயக்கமோ இல்லாதிருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவரது முதற் கலை நடிப்பல்ல. அவர் பாடகியும் நடனக்காரியுமாவார். சிக்காகோவில் பலே நடனம் பயின்ற அவர், இளவயதிலேயே டியூக் எலிங்டன், லயனல் ஹம்ப்டன் ஆகியோரின் இசைக்குழுக்களோடு இணைந்து மேடையேறினார். 1961இல் சிக்காகோவில் அரங்கேறிய 'கிக்ஸ் அன்ட் கோ' என்ற இசைநாடகத்தில் முக்கிய பாகமேற்றார். நாடகம் விரைவிலேயே நின்றுபோயிற்று. 1964இல் 'தி லெப்டினன்ட்' என்ற தொலைக்காட்சித் தொடரின் ஒரு கதையில் நடித்தார். அதன் தயாரிப்பாளரே பின்னர் ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி. கடற்படைப் பிரிவொன்றில் நிலவிய நிறவெறியைப் பேசிய அந்தக் கதையை என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பாமல் விட்டுவிட்டது. ஆக, தொலைக்காட்சியில் அவருடைய தொடக்கமே பேச அனுமதிக்கப்படாத ஒரு கதையோடுதான் நிகழ்ந்தது.

ஸ்டார் ட்ரெக்கில் அவர் தோன்றியதன் முக்கியத்துவத்தை உணர்வதற்கு அதற்கு முந்திய நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1950 முதல் 1953 வரை ஒளிபரப்பான 'பியூலா' என்ற தொடரின் தலைமைப் பாத்திரம் ஒரு கறுப்பினப் பெண். ஆனால் அவள் வெள்ளையினக் குடும்பமொன்றின் வேலைக்காரி. எதெல் வோட்டர்ஸ், லூயிஸ் பீவர்ஸ் போன்ற ஆற்றல் மிக்க நடிகையரே அப்பாத்திரத்தை ஏற்க வேண்டியிருந்தது. கறுப்பினப் பெண்ணுக்குத் தொலைக்காட்சி ஒதுக்கியிருந்த இடம் பெரும்பாலும் சமையலறைதான். தாதியாக வேலைபார்க்கும் ஒரு கறுப்பினத் தாயை மையமாகக் கொண்ட 'ஜூலியா' தொடர் டயான் கரோலின் நடிப்பில் வெளிவர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 23ஆம் நூற்றாண்டின் விண்கலமொன்றில், சிவப்புச் சீருடையணிந்து, காதில் கருவி பொருத்தி, அதிகாரி தரத்தில் ஒரு கறுப்பினப் பெண் வந்து அமர்ந்தாள். அவளுடைய பெயரும் 'விடுதலை' எனப் பொருள்படும் 'உஹூரு' என்ற சுவாஹிலிச் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது. சிறுமியாக இருந்த வூப்பி கோல்ட்பேர்க் அதைக் கண்டு, தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் வருகிறாள், அவள் வேலைக்காரி இல்லை என்று வீட்டாரைக் கூவி அழைத்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். அவரும் நடிகையாகி, 1988இல் இதே வரிசையில் வந்த பிந்திய தொடரொன்றில் விரும்பிச் சேர்ந்துகொண்டார். ஒரு பாத்திரம் வெறுமனே அங்கே இருப்பதே எத்தகைய செய்தியாக முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆனால் இருப்பது வேறு, பேசுவது வேறு. பாடசாலையில் வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் பிள்ளை ஆண்டு முழுவதும் வந்திருப்பது தெரியும். அப்பிள்ளையிடம் ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டதா என்பதைப் பதிவேடு சொல்லாது. உஹூராவைப் பற்றிய புகழுரைகளில் பெரும்பாலானவை இந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதப்பட்டவை.

தொடரின் 79 கதைகளையும் எடுத்து நோக்கினால் குறை தெளிவாகத் தெரியும். ஸ்பொக்கின் பெற்றோர் ஒரு கதையில் வருகிறார்கள். தலைவர் கேர்க்கின் சகோதரன் இன்னொரு கதையில் வருகிறான். வைத்தியர் மெக்கோயின் பழைய காதலி முதல் இரவுக் கதையிலேயே வருகிறாள். தாதி கிறிஸ்டின் சேப்பலுக்குக்கூடக் காணாமற்போன வருங்காலக் கணவனைத் தேடும் ஒரு கதை எழுதப்பட்டது. உஹூராவின் வீடு எங்கே, அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று எந்தக் கதையும் நின்று கேட்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவளிடம் கலத்தின் தலைமை ஒப்படைக்கப்படவுமில்லை. எல்லாவற்றிலும் வியப்பானது, அவளுக்கு முதற்பெயர் வழங்கப்படாததாகும். இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்த ரஷ்ய இளைஞன் செக்கோவ் தொடர் முடிவதற்குள் 'பாவெல்' என்று அழைக்கப்பட்டுவிட்டான். ஆசிய வம்சாவளிப் பாத்திரமான சூலுவின் முதற்பெயர் திரையில் ஒலிக்க 1991 வரை சென்றது. உஹூராவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இதை எழுத்தாளரின் மறதி என்று விட்டுவிடலாம். ஆனால் நிக்கல்ஸ் 1994இல் வெளியிட்ட 'பியோண்ட் உஹூரா' என்ற சுயசரிதை வேறு விதமாகச் சொல்கிறது. தொடக்கத்தில் தமக்கு எழுதப்பட்ட பகுதிகள் திருத்தங்களின்போது சிறுகச் சிறுக வெட்டப்பட்டன என்றும், ரசிகர்கள் தமக்கு எழுதிய கடிதங்கள் ஸ்டூடியோவில் தம்மிடம் சேர்ப்பிக்கப்படாமல் தடுத்துவைக்கப்பட்டன என்றும் அவர் குறிப்பிடுகிறார். கடிதங்கள் கைக்குக் கிடைத்திருந்தால் தமக்குள்ள பார்வையாளரின் தொகையை ஆதாரமாக வைத்து அவர் வாதிட்டிருக்கலாம். மக்களோடு தொடர்புகொள்ளும் வேலையைத் திரையில் செய்த ஒரு பெண்ணுக்கு, மக்களிடமிருந்து வந்த தொடர்பு மறைக்கப்பட்டது என்பதை என்னவென்று சொல்வது?

அவருக்குக் கிடைத்த நல்ல காட்சிகளைப் பார்க்கும்போது இழப்பின் அளவு இன்னும் நன்றாக விளங்கும். தொடரின் இரண்டாவது வாரத்தில் ஒளிபரப்பான 'சார்லி எக்ஸ்' கதையில், ஓய்வறையில் ஸ்பொக் யாழ் போன்றதொரு கருவியை இசைக்க உஹூரா பாடுகிறாள். ஸ்பொக்கைக் கேலி செய்யும் அப்பாட்டில் நிக்கல்ஸின் உடல், குரல், கண்கள் மூன்றும் ஒன்றாக இயங்குகின்றன. மேடையில் வளர்ந்த ஒரு கலைஞர் தமது சொந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டதைப்போல அக்காட்சி இருக்கிறது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள். அதைப் பொறுக்காத சார்லி என்ற இளைஞன் தன் மாய சக்தியால் அவளுடைய குரலைப் பறித்துவிடுகிறான். வாய் அசைகிறது, ஒலி வரவில்லை.

ஓராண்டு கழித்து, 1967 செப்டெம்பரில் வந்த 'தி சேஞ்ச்லிங்' கதையிலும் உஹூரா பாடுகிறாள். நோமாட் என்ற இயந்திரத்துக்குப் பாடல் என்றால் என்னவென்று விளங்கவில்லை. அவள் மனத்தைத் துருவிப் பார்த்து, அதிலிருந்த அறிவு முழுவதையும் அழித்துவிடுகிறது. எழுத்துக்கூட்டி வாசிப்பதிலிருந்து அவள் மீண்டும் கற்க வேண்டியிருக்கிறது. சொல் வராமல் தடுமாறி எரிச்சலுறும்போது அவள் வாயிலிருந்து சுவாஹிலி பிறக்கிறது. ஆங்கிலம் அழிந்த பின்னும் அடியில் தாய்மொழி எஞ்சியிருந்தது என்ற அந்தக் கணம் ஒரு முழுக் கதைக்கு உரியது. கதாசிரியர் அதை அரைநிமிட வேடிக்கையாக முடித்துவிட்டார். விரைவில் அவள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவாள் என்ற ஓர் உறுதிமொழியோடு அவளை மறந்துவிடுகிறார்கள்.

இவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர் அதிகமில்லை. உஹூரா பாடினால் தண்டிக்கப்படுகிறாள். எழுதியவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. திட்டமிடாமலே இப்படி அமைந்துவிட்டது என்பதுதான் கவலைக்குரியது. அவளுடைய முகத்தைக் காட்டுவதற்கு அத்தொடர் துணிந்தது. அவளுடைய குரலை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1966 செப்டெம்பர் 29ஆம் திகதி ஒளிபரப்பான 'தி நேக்கட் டைம்' கதையில், நோயினால் மனம் பிசகிய சூலு வாளோடு வந்து அவளை அழகிய கன்னியே என்று விளித்துப் பாதுகாப்பதாகச் சொல்கிறான். தனக்கு அவ்விரு தகுதியும் இல்லை என்று உஹூரா ஒரு நொடியில் திருப்பிக் கொடுக்கிறாள். மிகச் சிறிய பதில். ஆயினும் தொடரின் ரசிகர்கள் இன்றுவரை அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். 1967 ஒக்டோபரில் வந்த 'மிரர், மிரர்' கதையில், கொடியவர்களால் நிறைந்த மாற்று உலகின் கலத்தில் அவள் சிக்கிக்கொள்கிறாள். உள்ளே அச்சம், வெளியே துணிச்சல். பகைவனின் கவனத்தைத் திருப்புவதற்காகச் சிரித்து நெருங்கி, வேலை முடிந்தவுடன் கத்தியை உருவும் அந்த மாற்றத்தை நிக்கல்ஸ் ஒரே அசைவில் செய்து காட்டுகிறார். இவரால் இவ்வளவும் முடியும் என்பதைத் தயாரிப்பாளர்கள் கண்ணால் கண்டும் அடுத்த வாரமே காதுக் கருவியைக் கொடுத்து அதே ஆசனத்தில் அமர்த்திவிட்டார்கள்.

இங்குதான் கிங் சந்திப்பைப் பற்றிப் பேச வேண்டும். நிக்கல்ஸ் பல தடவைகள் விவரித்தவாறு, முதலாம் ஆண்டு முடிவில் அவர் தொடரை விட்டு விலகத் தீர்மானித்தார். அமெரிக்க நாடக மேடையின் தலைவாசலான புரோட்வேயில் அவருக்கு வாய்ப்பு இருந்தது. விலகல் கடிதத்தை ரொடன்பெரியிடம் கொடுத்தும்விட்டார். அந்த வார இறுதியில் நிதிதிரட்டும் வைபவமொன்றில் கிங்கைச் சந்தித்தார். தாம் உஹூராவின் ரசிகர் என்றும், தமது பிள்ளைகள் இரவு விழித்திருந்து பார்க்கத் தாமும் மனைவியும் அனுமதிக்கும் ஒரே தொடர் அதுவென்றும் கிங் சொன்னார். விலகும் செய்தியைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. உலகம் எம்மை நாம் காணப்பட வேண்டிய விதத்தில் முதன்முறையாகக் காண்கிறது, ஆகவே நீங்கள் விலகக் கூடாது என்ற பொருளில் வாதிட்டார். திங்கட்கிழமை நிக்கல்ஸ் திரும்பிப் போனார். 1968 ஏப்ரல் 4ஆம் திகதி கிங் கொல்லப்பட்டபோது அவர் அந்த ஆசனத்தில்தான் இருந்தார்.

கிங் சொன்னது சரியா? பார்வையாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் முற்றிலும் சரி. வூப்பி கோல்ட்பேர்க்கின் கதை அதற்குச் சாட்சி. ஆனால் கலைஞரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பெரியதொரு விலை. பாடவும் ஆடவும் பிறந்த ஒருவரிடம், உங்கள் இனத்தின் பிள்ளைகளுக்காகப் பாடாமல் ஆடாமல் அந்த ஆசனத்தில் இருங்கள் என்று கேட்கப்பட்டது. அவர் சம்மதித்தார். புரோட்வேயில் அவர் என்னவாகியிருப்பார் என்பதை எந்த ஆவணத்திலும் தேடிக் காண முடியாது. வெள்ளையின நடிகையொருவர் சலிப்பூட்டும் பாத்திரத்தை விட்டுவிட்டு நல்ல வாய்ப்பைத் தேடிப் போனால் அது அவருடைய தனிப்பட்ட விடயம். நிக்கல்ஸின் விலகல் மட்டும் ஒரு சமூகத்தின் இழப்பாகக் கணக்கிடப்பட்டது. சிறுபான்மைக் கலைஞர் மீது ஏற்றப்படும் இந்தப் பாரத்தைப் பாராட்டுரைகள் புன்னகையோடு கடந்துவிடுகின்றன. அவர் தங்கியது பெருமைக்குரியது. அவரைத் தங்கும்படி கேட்க வேண்டிய நிலை இருந்தது பெருமைக்குரியதல்ல.

அடுத்து, அந்த முத்தம். 1968 நவம்பர் 22ஆம் திகதி ஒளிபரப்பான 'பிளேட்டோஸ் ஸ்டெப்சில்ட்ரன்' கதையில் கேர்க்கும் உஹூராவும் முத்தமிடுகிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதலாவது கறுப்பு வெள்ளை முத்தம் என்று இது பரவலாக எழுதப்படுகிறது. முதலாவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முந்திய ஆண்டிலேயே சமி டேவிஸும் நான்சி சினாட்ராவும் தோன்றிய இசை நிகழ்ச்சியொன்றைச் சிலர் காட்டுவர். கலப்புத் திருமணத் தடைச் சட்டங்களை அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாதவையாக்கியது 1967 ஜூன் மாதத்தில்தான் என்பதை நினைத்தால், தென் மாநில நிலையங்களைப் பற்றி நிறுவனம் அஞ்சியதில் வியப்பில்லை. முத்தமில்லாத மாற்றுக் காட்சியையும் எடுக்கச் சொன்னார்கள். நிக்கல்ஸும் கேர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரும் அதை வேண்டுமென்றே கெடுத்துவிட்டதாகவும், அதனால் முத்தக் காட்சியையே பயன்படுத்த வேண்டியதாயிற்று என்றும் நிக்கல்ஸ் கூறியுள்ளார். படப்பிடிப்புத் தளத்தில் அவர்கள் காட்டிய அந்தத் துணிச்சல் உண்மையில் பாராட்டத்தக்கது.

ஆனால் கதைக்குள் அந்த முத்தம் என்ன? மனோசக்தி படைத்த அரசர்கள் சிலர் தமது பொழுதுபோக்குக்காக இருவரையும் பொம்மைகள்போல ஆட்டுவிக்கிறார்கள். இருவரும் விரும்பாமலே முத்தமிட வைக்கப்படுகிறார்கள். அது மட்டுமல்ல, அடுத்துக் கேர்க்கின் கையில் ஒரு சவுக்குக் கொடுக்கப்படுகிறது. வெள்ளையின ஆண் ஒருவன் கறுப்பினப் பெண்ணைச் சுற்றிச் சவுக்கைச் சுழற்றுகிறான். அடிமை முறையின் வரலாறு கொண்ட ஒரு நாட்டில் இக்காட்சியைப் படமெடுத்தவர்கள் அதன் பொருளை எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. முத்தத்தைக் கொண்டாடுவோர் சவுக்கைப் பற்றிப் பேசுவதில்லை. என் மதிப்பீட்டில், சூலுவுக்கு அவள் ஒரு நொடியில் சொன்ன பதில் இந்த முத்தத்தைவிட உஹூராவின் சுதந்திரத்தை நன்கு காட்டுகிறது.

தொடர் 1969இல் நின்றது. 1973இல் அது சித்திரத் தொடராக மீண்டும் வந்தபோது, செலவைக் குறைப்பதற்காக நிக்கல்ஸையும் சூலுவாக நடித்த ஜோர்ஜ் டக்கேயையும் விட்டுவிட எண்ணினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் தாமும் இல்லை என்று ஸ்பொக் பாத்திரத்தின் லெனார்ட் நிமோய் உறுதியாக நின்றதால் இருவரும் சேர்க்கப்பட்டனர். அத்தொடரின் ஒரு கதையில், ஆண்கள் அனைவரும் மயக்கத்தில் விழ, உஹூரா கலத்தின் தலைமையைத் தன் கையிலெடுக்கிறாள். உயிருள்ள நடிகைக்கு மூன்று ஆண்டுகள் கொடுக்கப்படாத நாற்காலி வரைந்த சித்திரத்துக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 'ட்ரக் டேர்னர்' திரைப்படத்தில் கொடுஞ்சொல் பேசும் விபசார விடுதித் தலைவியாக நடித்து, உஹூராவின் கண்ணியத்துக்கு நேரெதிரான ஒன்றையும் தம்மால் செய்ய முடியுமென நிக்கல்ஸ் காட்டினார். அந்த வழியில் அவரை எவரும் தொடர்ந்து அழைக்கவில்லை.

1979 முதல் 1991 வரை வந்த ஆறு ஸ்டார் ட்ரெக் திரைப்படங்களிலும் அவர் நடித்தார். 1984இல் வந்த மூன்றாவது படத்தில், சாகசத்துக்கு ஏங்கும் இளம் அதிகாரியைத் துப்பாக்கி முனையில் அலுமாரிக்குள் அடைக்கும் ஒரு குறுங்காட்சி உண்டு. அந்தச் சில நிமிடங்களுக்குப் படம் அவருடையதாகிறது. 1989இன் ஐந்தாவது படத்தில் காவலரை ஏமாற்ற உஹூரா மணல்மேட்டில் பாடி ஆடுகிறாள். ஆனால் ஒலிப்பது நிக்கல்ஸின் குரலல்ல. வேறொரு குரலை அதன்மேல் பதித்துவிட்டார்கள். எலிங்டன் குழுவோடு பாடியவர், 1967இல் தமது சொந்த இசைத்தட்டை வெளியிட்டவர், தமது வாயசைப்புக்கு மற்றொருவரின் பாட்டைக் கேட்க வேண்டியதாயிற்று. சார்லியும் நோமாடும் கதைக்குள் செய்ததைத் தயாரிப்பாளர்கள் இம்முறை கதைக்கு வெளியே செய்தார்கள். ஆறாவது படத்தில், இனத்துவேஷத் தொனி கொண்ட ஒரு வசனத்தைத் தாம் பேச முடியாது என்று அவர் மறுக்க, அது இன்னொரு பாத்திரத்துக்குப் போயிற்று. பேச விடாதவர்களிடம் வேண்டாததைப் பேசமாட்டேன் என்று சொல்லும் உரிமையையாவது அவர் காத்துக்கொண்டார்.

அவருடைய குரலுக்கு உரிய இடம் திரைக்கு வெளியிலேயே கிடைத்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா புதிய விண்வெளி வீரர்களைத் தேடிக்கொண்டிருந்த வேளை அது. அதுவரை அமெரிக்காவிலிருந்து விண்ணுக்குச் சென்றவர்கள் யாவரும் வெள்ளையின ஆண்களே. பெண்களும் கறுப்பினத்தவரும் ஆசிய வம்சாவளியினரும் விண்ணப்பிக்க முன்வரவில்லை. எம்மை எடுக்கமாட்டார்கள் என்று அவர்கள் எண்ணியதில் தவறுமில்லை. 1977இல் நிக்கல்ஸ் தமது 'விமன் இன் மோஷன்' நிறுவனத்தின் ஊடாக இப்பணியை ஒப்பந்தம் செய்து ஏற்றார். நாடெங்கும் பிரயாணம் செய்து பல்கலைக்கழகங்களிலும் பொதுக் கூட்டங்களிலும் பேசினார். நாசாவின் விளம்பரப் படமொன்றில் நேரடியாகப் பார்வையாளரை நோக்கி அழைப்பு விடுத்தார்.

அவ்வாண்டு 8,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1978 ஜனவரியில் 35 பேர் தெரிவாயினர். அவர்களுள் ஆறு பெண்கள், மூன்று கறுப்பினத்தவர், ஓர் ஆசிய வம்சாவளியினர். அமெரிக்காவின் முதலாவது விண்வெளிப் பெண்ணான சாலி ரைட், விண்ணுக்குச் சென்ற முதலாவது கறுப்பின அமெரிக்கரான கியோன் புளூஃபோர்ட் ஆகியோர் அக்குழுவினரே; இருவரும் 1983இல் பறந்தனர். 1986 ஜனவரி 28ஆம் திகதி 'செலென்ஞ்சர்' விண்ணோடம் வெடித்துச் சிதறியபோது உயிரிழந்த ஜூடித் ரெஸ்னிக், ரொனால்ட் மெக்னெயார், எலிசன் ஒனிசூக்கா ஆகியோரும் அக்குழுவினரே. இத்தெரிவு முழுவதும் நிக்கல்ஸ் ஒருவராலேயே நிகழ்ந்தது என்று கூறுவது மிகை. நாசாவும் மாறும் காலத்துக்கு முகங்கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அழைப்பு உண்மையானது என்று மக்களை நம்பவைக்க ஒரு குரல் தேவைப்பட்டது. திரையில் அவருக்கு எழுதிக் கொடுக்கப்படாத வசனத்தை அவர் இங்கே தாமே எழுதித் தாமே பேசினார்.

1992 செப்டெம்பர் 12ஆம் திகதி 'எண்டவர்' விண்ணோடத்தில் பறந்த மே ஜெமிசன், விண்ணுக்குச் சென்ற முதலாவது கறுப்பினப் பெண். சிறுவயதில் உஹூராவைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அப்பயணத்தில் தமது கடமை நேரம் தொடங்கும்போதெல்லாம், அழைப்பு அலைவரிசைகள் திறந்திருக்கின்றன என்ற உஹூராவின் வசனத்தைச் சொல்லியே அவர் வேலையை ஆரம்பித்தார். உஹூராவுக்கு முதல் இரவிலேயே சலித்துப்போன அந்தச் சொல் பூமியைச் சுற்றி உண்மையாகவே ஒலித்தது.

இதைச் சொன்னவுடன் ஒரு நண்பர் கேட்கக்கூடும்: ஆசனத்தில் இருந்ததாலேயே இவ்வளவும் விளைந்ததல்லவா, வசனம் குறைந்ததென்று ஏன் குறைபட வேண்டும்? நியாயமான கேள்வி. எனது பதில் இதுதான். கிங் பேசியது அந்தப் பெண்ணைக் காணும் பிள்ளைகளுக்காக. விமர்சகன் அந்தப் பெண்ணுக்காகவும் பேசக் கடமைப்பட்டவன். விளைவு நல்லதாக அமைந்துவிட்டதால் முன்னே நடந்த அநீதி நியாயமாகிவிடாது. கொஞ்சமாகக் கொடுத்தவர்கள், அக்கொஞ்சத்தைக் கொண்டு ஒருவர் பெரிதாகச் சாதித்ததைக் காட்டித் தமது கஞ்சத்தனத்தைக் கொடையாக எழுதிக்கொள்ளும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. பிரதிநிதித்துவம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், பெற்ற இடத்தில் என்ன பேசக் கிடைத்தது என்று கேட்க மறக்கும் வழக்கமும் உண்டு. நிக்கல்ஸை மெய்யாக மதிப்பதென்றால் இவ்விரு மறதிகளுக்கும் நாம் இடங்கொடுக்கலாகாது.

2009ஆம் ஆண்டு இளைய நடிகர்களைக் கொண்டு புதிய ஸ்டார் ட்ரெக் திரைப்படம் எடுக்கப்பட்டது. அதில் உஹூராவாக ஸோயி சல்டானா நடித்தார். அந்த உஹூரா மொழிகளைக் கற்றுத் தேர்ந்தவள். கதையின் ஓட்டத்தில் பங்குள்ளவள். அந்தப் படத்தில்தான் முதன்முறையாக அவளுடைய முதற்பெயர் திரையில் உச்சரிக்கப்படுகிறது. 'ந்யோட்டா' என்பது அப்பெயர். சுவாஹிலி மொழியில் அதற்கு நட்சத்திரம் என்று பொருள்.

முதல் ஒளிபரப்புக்கும் அந்த உச்சரிப்புக்கும் இடையில் 43 ஆண்டுகள். அதைக் கேட்க நிக்கல்ஸ் உயிரோடு இருந்தார். ஆனால் அப்பெயரைச் சொல்லி அவரை எந்தக் காட்சியிலும் எவரும் அழைத்ததில்லை. 2024 ஜனவரி 8ஆம் திகதி ஏவப்பட்ட ரொக்கெட் ஒன்றில் அவருடைய சாம்பலின் ஒரு பகுதி விண்வெளிக்கு அனுப்பப்பட்டது. திரையில் அவர் பயணித்த விண்கலம் மரப்பலகையாலும் வர்ண விளக்குகளாலும் ஆனது. அதில் அவர் பெயர் பாதி, குரல் பாதி என்றே இருந்தார். அந்தப் பாதியையும் முழுமைபோலத் தோன்றச் செய்தாரே, அதுதான் அவருடைய நடிப்பு. அதைப் பார்த்து ரசித்த நாம், மறுபாதி எங்கே என்று கேட்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்.